படியேற முடியாதவர் பட்டியல்

"படியேற முடியாதவருன்னா, எப்படிங்க மேல வந்தீங்க?"

தலைமை எழுத்தர் லட்சுமணசாமி பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார். மேசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்த சென்னிமலை இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"மூட்டை தூக்கற செங்கோடன் முதுகுல தூக்கிட்டு வந்தானுங்க. எறக்கி வச்சுப்போட்டுச் சந்தைக்குப் போயிட்டான்."

"எப்படியோ வந்துட்டீங்கல்ல. வந்தவரை வர முடியாதவருன்னு நான் எப்படிங்க எழுதறது?"

அது 1962. மதராஸ் சர்க்காரிலிருந்து கருவேலம்பாளையம் பஞ்சாயத்துக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ஊரில் படியேற முடியாதவர்கள் எத்தனை பேர்? ஒருவர் இருந்தால்கூடப் போதும், பஞ்சாயத்து ஆபீசுக்குப் படியை ஒட்டிச் சரிவுப் பாதை கட்டிக்கொள்ளலாம். ஆபீஸ் ஒரு பாறையின் மேல் இருந்தது. வெள்ளம் வந்தாலும் பதிவேடுகள் நனையக் கூடாது என்று, மழையே பெய்யாத ஊரில் யாரோ முன்யோசனையோடு கட்டியது. மொத்தம் இருபத்திரண்டு படிகள்.

கடிதம் வந்த மறுநாளே தண்டோரா போட்டார்கள். 'படியேற முடியாதவங்க எல்லாரும் பத்து நாளுக்குள்ள ஆபீசுக்கு மேல வந்து பேர் குடுக்கோணும்.'

ஒன்பது நாள் ஓர் ஆள்கூட வரவில்லை. தம் ஊரில் ஒரு குறையும் இல்லை என்று பஞ்சாயத்துத் தலைவர் அரங்கசாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தவர்தான் சென்னிமலை. கிணறு வெட்டப் போன இடத்தில் பாறைக்கு வைத்த வெடியில் இரண்டு கால்களும் போயின. இப்போது கடைவீதியில் சைக்கிள் கடை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லைசென்சுக்காக ஆபீசுக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

"ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் முதுகைக் கெஞ்சோணுமுங்க. வழியில பாக்கறவங்க, 'எங்கப்பா இவரைக் கொண்டுபோறே'ன்னு தூக்கறவனைத்தான் கேக்கறாங்க. என்னைக் கேக்கறதில்லை. சரிவு ஒண்ணு இருந்தா என்னோட சக்கரப் பலகையத் தள்ளிட்டு நானே வந்துருவனுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

லட்சுமணசாமியின் பேனா நின்றது.

"எனக்குப் புரியாதுன்னு நெனைக்காதீங்க," என்றார். "ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குதுங்களே."

"அப்பச் சரிங்க. நான் கீழ போயிடறேன். நீங்க கீழ வந்து எம்பேரை எழுதிக்குங்க."

"பதிவேடு இந்த ரூமை விட்டுப் போகக் கூடாதுங்க."

"அது இங்கயே இருக்கட்டும். நீங்க மட்டும் வந்து பாத்துப்போட்டுப் போயி எழுதுங்க."

"பதிவேட்டை விட்டுப்போட்டு நான் போகக் கூடாதுங்க."

லட்சுமணசாமியின் கடமையுணர்ச்சி ஊரில் பிரசித்தம். காலையில் முதல் ஆள் வரும்போதே நாற்காலியில் இருப்பார். கடைசி ஆள் போகும்வரை அசைய மாட்டார். தலைவர் உள்ளே வந்தால்கூட, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். "மனுசன்னா இப்படி வேலை பாக்கோணும்" என்று தலைவரே மெச்சுவார். சென்னிமலைக்கோ அது சுத்தமான திமிராகப் பட்டது.

"ஒருத்தர்னு எழுதுனா உங்களுக்கு என்னங்க கொறஞ்சு போகும்?"

"சரிபாக்கக் கோயமுத்தூர்ல இருந்து டாக்டர் வருவாருங்க. வந்தவரு சும்மா போவாரா? ஆபீஸ் முழுக்கப் பாத்து, யார் வேலைக்கு லாயக்கு, யார் லாயக்கில்லைன்னு எழுதிப்போட்டுப் போயிருவாரு. அந்த வம்பு எதுக்குங்க?"

"எனக்குக் கால் இல்லைன்னு பாக்கறதுக்கு டாக்டர் வேறயா? வரட்டுமுங்க. எனக்கென்ன பயம்?"

"உங்களுக்கு ஒண்ணும் பயமில்லீங்க."

சொல்லிவிட்டு, 'படியேற முடியாதவர் எவரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை மடித்து உறையில் வைத்துப் பசை தடவி ஒட்டினார். சென்னிமலைக்கு இனி ஆயுசுக்கும் அடுத்தவன் முதுகுதான்.

"நேரமாச்சு. நீங்க கெளம்புங்க," என்றார் லட்சுமணசாமி.

"செங்கோடன் வரோணுமுங்க. நீங்க முன்னால போங்க. நான் வெளிய ஓரமா உக்காந்துக்கறேன்."

"இல்லீங்க, நீங்க முன்னால."

"ஆபீசர் உக்காந்திருக்கறப்ப நான் முன்னால போறது மரியாதை இல்லீங்க."

"வந்த ஆளை உட்டுப்போட்டு நான் போறதும் மரியாதை இல்லீங்களே."

கோபத்திலும் 'ங்க' போடாமல் பேசத் தெரியாத ஊர். ஆறு மணி அடித்தது. இரண்டு பேரில் ஒருவரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பியூன் பாலுசாமி வாசலில் நின்று நின்று பார்த்தான். வீட்டில் மாடு கறவைக்குக் காத்திருந்தது. பொறுமை தீர்ந்துபோய் உள்ளே வந்தவன், மேசையருகே குந்தி உட்கார்ந்து முதுகைக் காட்டினான். இந்த ஆபீசில் இரக்கமுள்ளவன் ஒருத்தனாவது இருக்கிறானே என்று சென்னிமலை இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நீங்க கொஞ்சம் இருங்க," என்றான் பாலுசாமி. "மொதல்ல எங்க எழுத்தர் அய்யாவ ஊட்டுல எறக்கி உட்டுப்போட்டு வாரேன். மூணு வருசமா அவரைத் தெனமும் ஏத்தி எறக்கறது இந்த முதுகுதானுங்க."