சிரித்தால்தான் அளவு

“இந்தக் கழுதை மூஞ்சிக்கு அளவு வேற எடுக்கணுமா?”

வாசலில் சாய்ந்து நின்றபடி தன்லாமி கேட்டான். நர்ஸ் எபெரே கையில் பிடித்த ஸ்கேலோடு திரும்பி அவனை முறைத்தாள்.

நாற்காலியில் இருந்த பரீரா அசையவில்லை. அசையக்கூடாது, பேசவும் கூடாது என்று சொல்லித்தான் எபெரே அவள் முகத்தில் பேனாவால் புள்ளி வைத்திருந்தாள்.

ஆறு வயதில் நோமா என்ற நோய் பரீராவின் இடது கன்னத்தையும் உதட்டோரத்தையும் தின்றுவிட்டது. இப்போது பத்தொன்பது. தொடையிலிருந்து தசை எடுத்து வைத்துக் கன்னம் கட்டியிருந்தார்கள். மூக்கு நடுவிலிருந்து இரண்டு உதட்டோரமும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். சிரித்தால் இரண்டும் மேலே ஏறவேண்டும். ஏறினால் இன்றைக்கே வீடு. ஏறாவிட்டால் இன்னொரு ஆபரேஷன்.

“புள்ளி வெச்சதும் அசல் கினிக்கோழியேதான்!” என்றான் தன்லாமி.

“யாருப்பா நீ?”

“அவளோட அத்தை மகன்.”

“சொந்தக்காரனா? வெக்கமா இல்லே?”

“எனக்கெதுக்கு வெக்கம்? எங்க சந்தையில உடைஞ்ச சுரைக்குடுக்கை தைக்கிறவர்கிட்ட விட்டிருந்தா, இதைவிட நல்லா தைச்சிருப்பாரு.”

பரீராவின் கண்ணில் நீர் முட்டியது. தோள் குலுங்கியது.

எபெரேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெற்கே லாகோஸிலிருந்து மாற்றலாகி இந்த வடக்குப் பக்கம் வந்து மாதம்கூட ஆகவில்லை. அவளுக்கும் வீட்டில் ஒரு பெண் குழந்தை உண்டு. நாளைக்கு அதை ஒருத்தன் இப்படிப் பேசினால்?

“வெளியே போடா!”

தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மறுபடியும் ஸ்கேலை வைத்தாள்.

“வலது இருபத்தஞ்சு. இடது... இரு, இரு... இருபத்துநாலு! பரீரா, ஒரே ஒரு மில்லிமீட்டர்தான்டி வித்தியாசம்!” எபெரேவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “பாதி ஜெயிச்சாச்சு. இனி நீ பேசலாம். எங்கே, சிரி பார்ப்போம்.”

பரீராவின் கை தானாக எழுந்து முக்காட்டை வாய்மேல் இழுத்தது.

“கையை எடு கண்ணு. சிரி.”

“வரலை அக்கா.”

“வீட்டுக்குப் போறதை நினைச்சுக்கோ.”

உதடு இறுகியதே தவிர சிரிப்பு வரவில்லை. எபெரே முகத்தைக் கோணிக் காட்டினாள். கோழி மாதிரி கொக்கரித்தும் பார்த்தாள். ஊஹூம். வராந்தாவில் டாக்டரின் பேச்சுக்குரல் கேட்டது. இன்னும் இரண்டு அறை தாண்டினால் வந்துவிடுவார்.

“முயற்சி பண்ணும்மா. இன்னொரு ஆபரேஷன் வேணுமா உனக்கு?”

“சிரிக்கிறது எப்படின்னே மறந்துபோச்சு அக்கா.”

அப்போது ஜன்னல் கம்பிக்கிடையில் ஒரு மூக்கு முளைத்தது.

“வீணா மெனக்கெடாதீங்க நர்ஸம்மா! ஒட்டகம் சிரிச்சு யாராச்சும் பாத்திருக்காங்களா? இத்தனை நாள் ஆஸ்பத்திரிக் களியைத் தின்னே உங்களைத் திவாலாக்கியிருக்குமே! இனி எங்க ஊர்க் களஞ்சியத்துக்குக் கேடு!”

பரீரா வெடித்துச் சிரித்தாள்.

வலது ஓரம் சட்டென்று ஏறியது. இடது ஓரம் தயங்கியது, துடித்தது, பிறகு அதுவும் ஏறியது.

“நிறுத்தாதே! அப்படியே சிரி!” எபெரே ஸ்கேலோடு பாய்ந்தாள். “ஏறுது! ரெண்டும் ஏறுதுடி! நீ வீட்டுக்குப் போறே!”

அளந்து முடித்த கையோடு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“ஏண்டா, ஒரு பொண்ணு பட்ட கஷ்டம் உனக்கு விளையாட்டா? இரு, காவலாளியைக் கூப்பிடறேன்!”

ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தப் போனவளின் கையைப் பரீரா பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

“சாத்தாதீங்க அக்கா. எங்க ஊர்ல முறைப்பசங்க கேலி பண்ணாத பொண்ணே கிடையாது. கன்னம் போன நாள்லேருந்து என்னை மட்டும் ஒருத்தனும் கேலி பண்ணலை. இவன்கூட இன்னிக்குக் காலையில வரைக்கும் என்னை ‘வாங்க, போங்க’ன்னுதான் பேசிக்கிட்டிருந்தான்.”