முள் இறங்கக் கூடாது

ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்து மெஷினின் ஆக்சிஜன் குழாயைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள் டெக்னீஷியன்.

“சரியா உக்காந்திருக்கான்னு இழுத்துப் பாரும்மா” என்றார், பின்னாலிருந்து ஒருவர்.

இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

“ஸ்பேர் சிலிண்டர்?”

“திறந்து பார்த்து மூடிட்டேன் சார். ஃபுல்லா இருக்கு.”

“லீக் டெஸ்ட்?”

“இதோ பண்றேன். நேத்துதான் கம்பெனி ஆள் வந்து சர்வீஸ் பண்ணி, ‘எல்லாம் சரி’ன்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிருக்கார்.”

“ஸ்டிக்கர் ஒட்ட என்ன, கை இருந்தாப் போதும். அவன் பண்ணினதை நீ பார்த்தியா?”

“நேத்து நான் லீவு சார்.”

முகமூடி மாட்டும் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, ஆக்சிஜனை ஏற்றினாள். மீட்டரின் முள் ஏறி நின்றது.

“இறங்குதா?”

“இல்ல சார்.”

“இன்னொரு தடவை பாரு. அந்த ஆளுங்களுக்குச் சாயங்காலமானா வீட்டு ஞாபகம் வந்துடும். பாதியைப் பார்ப்பான், மீதியைச் சாமி பார்த்துக்கும்னு விட்டுடுவான்.”

மறுபடியும் ஏற்றினாள். முள் இறங்கவில்லை.

மயக்க மருந்து டாக்டர் உள்ளே வந்தார். “என்னம்மா, ரெடியா?”

“மெஷின் ரெடி டாக்டர். பேஷண்ட்தான் படுக்க மாட்டேங்கறார்.”

கவுனை இழுத்துப் பிடித்தபடி மேஜைமேல் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பினாள்.

“அப்பெண்டிக்ஸ் வலியிலயும் அந்தக் கம்பெனி ஆளை விட மாட்டேங்கறீங்களே சார். அவர்மேல அப்படி என்ன சந்தேகம்?”

அவர் மெல்லச் சாய்ந்து படுத்தார்.

“அந்த ஆள் நான்தாம்மா. இன்னைக்கு இந்த மெஷின் பக்கத்துல நானே படுப்பேன்னு நேத்து தெரியாமப் போச்சு.”