வேலியோரத் தகரம்

“குப்பை கொட்டுற தகர டின் வைக்க உங்க வீட்டில வேற இடமே இல்லையாண்ணே?”

வேலிக்கு அப்பால் நின்று, வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி கேட்டாள் வினிஃப்ரெட்.

கனகசுந்தரம் கூனிக் குறுகிப் போனார். மலாயாவின் குளுவாங் ரயில் ஸ்டேஷனில், நாட்டைப் பிடித்த ஜப்பான்காரனுக்கு நாளெல்லாம் குனிந்துவிட்டு வருகிறவர். வீட்டு வாசலிலும் குனிய வேண்டியிருந்தது.

“என் அடுப்படி சன்னல் இங்கதான் இருக்கு. ஒரே நாத்தம். பிள்ளைங்க இருக்கிற வீடு.”

“சொல்லுறன், தங்கச்சி.”

வினிஃப்ரெட்டின் கணவன் யூஜின் பள்ளி ஆசிரியர். விசாரணை என்று லாரியில் ஏற்றிப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை. அதன்பிறகு யார் எதை நீட்டினாலும், “நாங்க சாப்பிட்டாச்சு” என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவள்.

உள்ளே அவர் மனைவி யோகம் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“கிணத்தடியில இருந்த தகரத்தை ஏன் அங்க வைச்சிருக்கிறாய்?”

“எனக்கு அதுதான் வசதி.”

“உனக்கு வசதி. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு நாத்தம்.”

யோகம் உரித்த கிழங்கில் இரண்டைத் தனியே எடுத்துத் தகரத்துக்கு ஒதுக்கினாள்.

“அது ஏன்?”

“நார்க்கிழங்கு. அவியாது.”

“ஊரே பட்டினி. நீ எறியிறாய்.”

அன்று மாலை அவள் குளிக்கப் போன நேரத்தில், தகரத்தை அவரே கிணற்றடிக்குத் தூக்கிப் போனார். நாற்றம் ஒன்றும் தெரியவில்லை. தனக்குத் தடிமன், மூக்கடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் யோகம் அரிசி வரிசைக்குப் போயிருந்தாள். வினிஃப்ரெட் வேலியோரம் வந்தாள். குரலே எழும்பவில்லை.

“அண்ணே, இங்க இருந்த தகரம்...”

“மாத்திட்டன், தங்கச்சி. இனி உங்களுக்குத் தொந்தரவில்லை.”

அவள் வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நல்லதுண்ணே” என்று போனாள்.

யோகம் திரும்பி வந்ததும் பையைக் கீழே போட்டாள்.

“தகரம் எங்க?”

“கிணத்தடிக்குக் கொண்டு போனன். பாவம், அந்தப் பிள்ளை...”

“அவளுக்காகத்தானே அங்க வைச்சனான்.”

அவர் விழித்தார்.

“சந்தைக் குப்பையில மரவள்ளித் தோல் பொறுக்கிக்கொண்டு வந்து அவிச்சுக் குடுத்திருக்கிறாள். அவளின்ர சின்னது வாந்தியெடுத்துச் சாகக் கிடந்தது. ஜப்பான் சண்டைக்கு முன்னம் சோறு திண்ட வீடு. தோல் நஞ்செண்டு அவளுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது? நான் போய்ச் சொன்னன். ‘நாங்க தோல் தின்கிறவங்க இல்லக்கா’ எண்டாள்.”

“கிழங்கை நேரே குடுக்கலாமே?”

“குடுத்தா வாங்க மாட்டாள். எறிஞ்சா எடுப்பாள். என்ர குப்பை வாழையடியில புதையுது. அந்தத் தகரத்தில வாழையிலை விரிச்சு, உரிச்ச கிழங்குதான் போடுறனான்.”

“பிறகேன் ஊர் கேட்கச் சத்தம் போடுறாள்?”

“நாறுது எண்டு கத்துறவள் அதுக்குள்ள கை விடுறாளெண்டு ஆர் நினைப்பினம்?”

அப்போதுதான் அவர் பார்த்தார். வினிஃப்ரெட்டின் அடுப்படியில் புகை எழுந்தது. கிழங்கு கிடைக்காத காலையில் அங்கே தோலைத் தவிர வேறென்ன அவியும்?

கிணற்றடிக்கு ஓடினார். தகரத்தைத் தூக்கி வந்து, பழைய இடத்திலேயே, சத்தம் கேட்கும்படி வைத்தார்.

சன்னலில் அவள் முகம் தெரிந்தது. தகரத்தைப் பார்த்தது. மறைந்தது. பின்கட்டில், கொதிக்கும் பானையைச் சாக்கடையில் கவிழ்க்கும் சத்தம்.

பிறகு அவள் வேலியோரம் வந்தாள். குரலைக் கூட்ட முயன்றாள். முதல் சொல் உடைந்தது.

“திரும்பவும்... திரும்பவும் இங்கயே கொண்டுவந்து வச்சிட்டீங்களாண்ணே?”

ஒருவரிடமும் குரல் உயர்த்தியறியாத கனகசுந்தரம், கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ஓம். என்ர குப்பை, என்ர வேலி. இங்கதான் வைப்பன்.”