பிரார்த்தனைக்கு மட்டும் மைக்

ஆலையை விரிவாக்குவது பற்றிப் பேருக்கு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம். மதகுருவுக்கு வழக்கம்போல ஒரே வேலை, தொடக்கப் பிரார்த்தனை. அது முடிந்ததும் மைக்கை வாங்கிக்கொள்வார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் இன்று முடிக்காமல் இழுக்கிறார். முதலாளி, அதிகாரிகள் எல்லோரும் எழுந்து நின்று கண்ணை மூடியிருக்கிறார்கள். பிரார்த்தனையை நடுவில் நிறுத்தச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. "ஆண்டவனே, எங்க ஆத்துல நுரை மெதக்குது. அந்தத் தண்ணியில குளிச்ச புள்ளைங்களுக்கு உடம்பெல்லாம் புண்ணு. இந்த ஆலைய இன்னும் பெருசாக்க விட்டுடாதே." மின்விசிறிக் காற்றில் மேசைவிரிப்பின் ஓரம் எழும்பி எழும்பி விழுகிறது. ஜன்னல் வெயில் முதலாளியின் மூடிய இமைகள்மேல் விழுகிறது. அவை அசையவே இல்லை. கடைசி வரிசையில் மீன் விற்கிறவள் மட்டும் கண்ணைத் திறந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். குருவின் குரல் உடைகிறது. மைக்கை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறார். மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்துகிறார். அவ்வளவுதான். முதலாளி கண்ணைத் திறந்து, மைக்கைப் பதமாக அவர் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறார். "ரொம்ப உருக்கமா வேண்டிக்கிட்டீங்க ஐயா, மனசே லேசாயிடுச்சு. சரி, புது ஆலையோட படத்தப் பாத்துடலாமா?"