அட்டையின் பின்பக்கம்

பட்டறை வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க!"

நான் டீச்சர் இல்லை. அறிவியல் காட்டுகிறவள். பள்ளிக்கூடம், நூலகம், சமுதாயக்கூடம் என்று யார் கூப்பிட்டாலும் இரண்டு பெட்டிகளோடு போய் இறங்கிவிடுவேன். 'நான் சொல்றதை நம்பாதீங்க, உங்க கண்ணை நம்புங்க' என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். அதற்கு நல்ல கைதட்டல் விழும்.

இரண்டு மாதத்துக்கு முன் இந்தத் தெருவின் சமுதாயக்கூடத்திலும் விழுந்தது.

அன்றைக்கு இவர் கையில் வாளி இல்லை. இந்தக் கார் பட்டறையில் அப்போது பெயிண்ட் கலக்கியவர் இவர்தான். கீறல் விழுந்த வண்டியை ஒரு பார்வை பார்ப்பார். நாலு டப்பாவிலிருந்து ஊற்றிக் கலக்குவார். பூசி முடித்தால் எது பழசு, எது புதுசு என்று வண்டிக்காரருக்கே தெரியாது. பத்தொன்பது வருடம். எல்லோருக்கும் அவர் கலர் மாஸ்டர்.

அவரை மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது அவர் மகள். ஏழாம் வகுப்பு. அப்பாவைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமை.

அவருக்கு முன்னால் நாலு பேர், புள்ளி அட்டைகளில் ஒளிந்திருந்த எண்ணைப் படபடவென்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நிறம் பிரித்துப் பார்க்க முடியாத கண்ணுக்கு அந்த எண் தெரியாது. அதுதான் சோதனை. ஐந்தாவது அட்டையை அவர் கையில் கொடுத்தேன்.

கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, வெறும் புள்ளிதான் என்றார்.

என் கையிலிருந்த விடைத்தாளில் நாற்பத்தைந்து என்று இருந்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கலர் மாஸ்டருக்கே கலர் தெரியவில்லையாம்! எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இப்படி ஒரு ஆள் மேடையில் கிடைக்கத் தவம் கிடக்க வேண்டும். இது நோயில்லை, கூச்சப்பட ஒன்றுமில்லை, பல ஆண்களுக்கு இது இருப்பதே தெரியாது என்று ஐந்து நிமிடம் வெளுத்து வாங்கினேன்.

மகள் மட்டும் அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கும் தெரியலையே என்றாள். அப்பாவை விட்டுக்கொடுக்க மாட்டாள் பாருங்கள் என்று நான் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. போய் உட்காரச் சொன்னேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார்.

இப்போது பட்டறைக்குள், அவர் நின்று வேலை பார்த்த இடத்தில் கலர் கலக்கும் மெஷின் ஒன்று நிற்கிறது. முதலாளி அவரைப் போகச் சொல்லவில்லையாம். இவரேதான் போய், இனிமேல் நான் வண்டி கழுவுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்க மட்டும் சொல்லலைன்னா இன்னும் எத்தனை வண்டியைக் கெடுத்திருப்பேனோ டீச்சர்!"

அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பத்தொன்பது வருடத்தில் கெட்டுப்போன வண்டி என்று ஒன்றைக்கூட அவரால் காட்ட முடியாது. அதை அவர் யோசிக்கவில்லை. படித்தவள், நானும் யோசிக்கவில்லை.

சொல்லிவிடத்தான் வந்திருந்தேன். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. அவர் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டே தன் போனைத் திறந்து காட்டினார். அதே அட்டை, அன்றைக்கே எடுத்த படம். தினமும் சாப்பாட்டு நேரத்தில் வைத்துப் பார்க்கிறாராம். பழகினால் ஒருநாள் தெரியாதா என்று ஒரு நப்பாசையாம்.

நான் அட்டையைத் திருப்பி அவர் கையில் வைத்தேன். பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தை நேற்று பெட்டியை அடுக்கும்போதுதான் நானே முதல் முறையாகப் படித்தேன்.

'இந்த அட்டை மட்டும் தலைகீழ். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கே இதில் 45 தெரியும். நல்ல கண்ணுக்கு எந்த எண்ணும் தெரியாது.'

எனக்கும் எந்த எண்ணும் தெரியவில்லை. நேற்று எத்தனை முறை பார்த்தும் வெறும் புள்ளிதான். அன்று மேடையில் நான் அட்டையைப் பார்க்கவே இல்லை, விடைத்தாளைத்தான் பார்த்தேன்.

அவர் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். திட்டட்டும் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. போய், திறந்து விட்டிருந்த குழாயை மூடிவிட்டு வந்தார்.

"எனக்கும் தெரியலைப்பான்னு பாப்பா சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்காகப் பொய் சொல்லாதேன்னு தினமும் திட்டுவேன் டீச்சர்" என்றார். "போன வாரந்தான், ஆமாப்பா, நாப்பத்தஞ்சு தெரியுதுன்னு ஒத்துக்கிட்டா."