பத்துத் தீப்பெட்டிகள்

"இந்தாளு உள்ள வந்தா நான் எழுந்து பூடுவேன், ஆமா."

சொன்னதோடு நிற்கவில்லை முத்தாலம்மாள். சமுதாயக் கூடத்து வாசற்படியில் லாசரஸ் கழற்றிவிட்டிருந்த செருப்பைக் காலாலேயே தள்ளினாள். ஒன்று படியில் தங்கியது. மற்றது மழைத்தண்ணீரில் போய்க் கவிழ்ந்தது.

லாசரஸ் உள்ளே போகவில்லை. வராந்தாவில் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

முடிச்சூரைத் தாண்டியிருந்த அந்தப் பள்ளத்தெருவில் ஒன்பது வருஷமாக அவருக்கு இந்த மரியாதைதான். ஏரி மதகைத் திறந்து மூடுகிற லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தன்று, ஒரு வார்த்தை சொல்லாமல் மதகைத் திறந்துவிட்டார். தண்ணீர் பள்ளத்தெருவுக்குள் புகுந்தபோது, முத்தாலம்மாள் மாத்திரை வாங்க மெயின் ரோட்டுக்குப் போயிருந்தாள். காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த அவள் புருஷன் தசரதனைத் தூக்க ஆளில்லை.

மதகைத் திறந்த அரை மணியில் மழை நின்றுவிட்டது. அதைத்தான் தெருவில் யாராலும் மறக்க முடியவில்லை.

"ஏன் சார் வெளியே நிக்கறீங்க? வாங்க, நீங்களும் விளையாடலாம்," என்றாள் ஈவ்லின் டீச்சர். குரோம்பேட்டையிலிருந்து வருகிறவள். சனிக்கிழமைகளில் ஏரியோரத் தெருக்களில் வெள்ள விளையாட்டு நடத்துகிறாள். இந்தத் தெருவின் கதை அவளுக்குத் தெரியாது.

"பரவால்லம்மா. இங்கேருந்தே தெரியுது."

தரையில் பெரிய சார்ட். நீலமாக ஏரி. மதகுக்கு ஒரு சோடா மூடி. வீடுகளுக்குத் தீப்பெட்டிகள்: பள்ளத்தெரு என்று எழுதிய இடத்தில் பத்து, கரைக்குக் கீழே ஊரில் எழுபது.

சீட்டுக் குலுக்கியதில் முத்தாலம்மாள் பெயர் வந்தது.

"அக்கா, நீங்கதான் லஸ்கர்."

"போச்சுடா," என்றான் ஆட்டோ ஓட்டுகிற சிட்டிபாபு.

"ஏரி ரொம்பிடுச்சு, கரை கசியுது," என்று ஆரம்பித்தாள் டீச்சர். "ஃபோன் போகல. நீங்க ஒரே ஆள். ஒண்ணு, பள்ளத்தெருவுக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டலாம். இல்ல, உடனே மதகைத் திறக்கலாம். திறந்தா பத்து வீடு முழுகும். தட்டிட்டு வர்றதுக்குள்ள மழை என்ன பண்ணும்னு தாயக்கட்டை சொல்லும். ஒண்ணு விழுந்தா மழை நின்னுடும். அஞ்சோ ஆறோ விழுந்தா கரை உடையும், எல்லா வீடும் போயிடும்."

"ரெண்டையும் செஞ்சா இன்னா?"

"ஒரே ஆள்தானேக்கா நீங்க."

"அப்ப கதவைத் தட்டுவேன்." ஜன்னல் பக்கம் குரலை உயர்த்தினாள். "மன்ஷனா பொறந்தவன் அதைத்தான் செய்வான். இதுல யோசிக்க இன்னா கீது?"

உருட்டினாள். ஆறு.

டீச்சர் எண்பது பெட்டிகளையும் வாரி எடுத்தாள்.

"இன்னொரு வாட்டி," என்றாள் முத்தாலம்மாள். மறுபடியும் கதவைத் தட்டினாள். ஐந்து. மறுபடியும் சார்ட் காலியானது.

"அக்கா கைராசி அப்படி," என்று சிரித்தான் சிட்டிபாபு. "ஊரே காலி!"

"வாய மூட்றா. இன்னொரு வாட்டி."

டீச்சர் பெட்டிகளை அடுக்கினாள். இந்தத் தடவை முத்தாலம்மாளின் கை சோடா மூடிக்கு மேலே போய் நின்றது. லாசரஸ் அந்தக் கையையே பார்த்தார். மதகின் இரும்புச் சக்கரத்தை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். விசாரணைக்கு வந்தவர்கள் அன்று நடந்ததைக் கேட்டார்கள், சொன்னார். தெருவில் யாரும் கேட்கவில்லை.

முத்தாலம்மாள் மூடியைத் திருப்பி மதகைத் திறந்தாள்.

பள்ளத்தெருப் பெட்டிகளை டீச்சர் எடுக்கப் போனபோது, "நானே எடுக்கறேன்," என்றாள். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டாள். பத்தாவதை மட்டும் போடவில்லை. கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"இப்ப மழை என்னாச்சுன்னு பார்ப்போம்," என்று டீச்சர் கட்டையை உருட்டினாள்.

ஒன்று. மழை நின்றுவிட்டது.

"அய்யய்ய!" என்று தொடையில் தட்டினான் சிட்டிபாபு. "சும்மா இருந்திருந்தாலே எல்லாரும் பொழைச்சிருப்பாங்களே! அநியாயமா பத்து வூட்டை முழுகடிச்சிட்டியேக்கா!"

"டேய்! ஒண்ணு வுழும்னு அப்ப எனக்குத் தெரியுமாடா?"

கத்திவிட்டாள். சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டான். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல முத்தாலம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொரு தடவை ஆடலாமாக்கா?" என்றாள் டீச்சர்.

"வேணாம்மா."

எல்லோரும் கலைந்தார்கள். டீச்சர் சார்ட்டைச் சுருட்டினாள். முத்தாலம்மாள் மடியிலிருந்து கொட்டியதையும் சேர்த்துப் பெட்டிகளை எண்ணிப் பார்த்தபோது எழுபத்தொன்பதுதான் இருந்தது.

முத்தாலம்மாள் கடைசியாக வெளியே வந்தாள். ஜன்னலோரம் நின்றவரைப் பார்க்கவில்லை. படியிறங்கி மழையில் நின்றாள். பிறகு குனிந்து, கவிழ்ந்து கிடந்த செருப்பைக் கையால் எடுத்துத் தண்ணீரை உதறி, படியிலிருந்த இன்னொன்றின் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.