எண்பத்தாறா, பதினொன்றா?

தொலைபேசியில் சிவப்பு விளக்கு மினுங்கியதும் ஜஸ்ரின் பாய்ந்து பொத்தானை அமத்தினான். நிகழ்ச்சி தொடங்கி நாற்பது நிமிடம். ஈ காக்கைகூட எடுக்கவில்லை. எழும்புவதும் இருப்பதுமாக அவனுக்குக் கதிரையே சூடாகிவிட்டது.

கண்ணாடிக்கு அப்பால் வானொலி முதலாளி கிறிஸ்துநாயகம் கைகட்டி நின்றார். “இண்டைக்கும் ஒருத்தரும் எடுக்காட்டி, அடுத்த சனி உந்த நேரம் வீடு விக்கிற ஆளுக்குத்தான்” என்று காலையிலேயே சொல்லிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒரு மணித்தியாலம். தமிழில் கனேடிய ஃபுட்போல் கதைக்க அவனுக்கு வேறு இடம் ஏது!

“வணக்கம், ஆர் கதைக்கிறியள்?”

“மோர்னிங்சைட்டில இருந்து யோகராணி, தம்பி.”

போச்சுடா, பாட்டுக் கேட்கப் போகிறா!

“அன்ரி, பாட்டு நாலு மணிக்கு. இப்ப எங்கட ரொறன்ரோ ரீமைப் பற்றி. பந்தை எறிய, ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவர்மாரில முப்பது வருசத்துக்கு முந்தின ஆள் திறமோ, இப்பத்தைய ஆள் திறமோ எண்டுதான்…”

“தெரியும், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். பேருகள் எனக்குப் பிடிபடாது, நம்பரைச் சொல்லுங்கோ.”

“அப்ப ஆடினது எண்பத்தாறு. இப்ப பதினொண்டு.”

“எண்பத்தாறுதான், சந்தேகமே இல்லை! நெஞ்சால விழுந்து பிடிக்கிறவன். ஒவ்வொரு மட்ச் முடியவும் நெஞ்சு முழுக்கப் பச்சைக் கறை. பதினொண்டு பந்தை விட்டாலும் விடுவானே தவிர, நிலத்தில விழான். இடையில இருபத்திரண்டு எண்டும் ஒருத்தன் இருந்தவன். பாவம், கடைசி வருசம் வலப்பக்கம் விழவே இல்லை. தோள்மூட்டு நொந்திருக்கும்.”

ஜஸ்ரின் வாயைப் பிளந்தான். இருபத்திரண்டின் தோள் சத்திரசிகிச்சை, அவன் விளையாட்டை விட்ட பிறகுதான் வெளியே வந்த சங்கதி. மனுசி மைதான ஓரத்திலேயே குடியிருந்திருக்கிறா!

அவ்வளவுதான், மற்ற ஐந்து விளக்குகளும் ஒன்றாக மினுங்கின. யோகராணியை இணைப்பிலேயே வைத்துக்கொண்டு அடுத்த பொத்தானை அமத்தினான். விட்பியிலிருந்து இராஜரட்ணம் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தார்.

“தங்கச்சி, என்ன விசர்க் கதை உது? போன கிழமை பதினொண்டு பாய்ஞ்சு பிடிச்சதை நான் நேர பாத்தனான்!”

“ஒரே ஒருக்காப் பாய்ஞ்சவன், அண்ணை. இடது முழங்கை மட்டும்தான் ஊத்தை.”

இராஜரட்ணத்தார் “ஓம், இடது கைதான்” என்று முணுமுணுத்தார். அடுத்தவர் வந்தார், அதற்கடுத்தவரும் வந்தார். நேரம் முடிந்த பிறகும் விளக்குகள் அணையவில்லை.

விளம்பரம் போனதும் கிறிஸ்துநாயகம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் பல்.

“உந்த மனுசியை விட்டிடாத! இன்னும் ஒரு வருசத்துக்கு இந்த நேரம் உனக்குத்தான். ஃபுட்போல் நிபுணர் எண்டு விளம்பரம் போடுவம்.”

ஜஸ்ரினுக்குக் கண் கலங்கிவிட்டது. இணைப்பில் காத்திருந்த யோகராணியோடு கதைக்கத் தொலைபேசியை எடுத்தான்.

“அன்ரி, வாற சனி ஸ்டூடியோவுக்கே வாங்கோ, உங்களைப் பெரிசா அறிமுகம் செய்யவேணும். இந்த முப்பது வருசத்தில எத்தினை மட்ச் பாத்திருப்பியள்?”

“மட்சோ? ஒண்டும் பாக்கேல்லை, தம்பி. அவங்கட உடுப்புத் தோய்க்கிறது நானெல்லே!”